போட்டது ஒரு நொடியில் போச்சு! எடுக்கப் போனால், "வரி கட்டு" என்கிறான்!

ஆன்லைன் பந்தயப் பணம் எங்கே நிற்கிறது? சட்டம் மாற மாற அதற்கு என்ன ஆகிறது?

நூம்பல்:

"அண்ணே, ஐயாயிரத்து நானூறு ரூபா இருக்குமா? சாயங்காலம் சேர்த்துத் தந்துடுறேன்."

நூம்பலில் ஒரு டீக்கடை. காலை நேரம். கேட்டவர் 26 வயது வாலிபர். வானகரம் மீன் மார்க்கெட்டில் இருந்து சரக்கு ஏற்றி "குட்டி யானை" வண்டி ஓட்டுகிறவர். டீக்கடைக்காரர் டீயை ஆற்றிக் கொண்டே, "எதுக்குடா தம்பி திடீர்னு?" என்றார்.

"இருபத்தஞ்சாயிரம் வரவேண்டியது நிக்குதுண்ணே. இதைக் கட்டினா அது வந்துடும்."

"ஐயாயிரம் கட்டினா இருபத்தஞ்சாயிரமா? என்ன வியாபாரம்டா அது? எனக்கும் சொல்லு. நானும் கடையை மூடிட்டு வர்றேன்."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். வாலிபர் சிரிக்கவில்லை. செல்போனை எடுத்துக் காட்டினார்.

விவரம் வருமாறு:-

டெலிகிராமில் வந்த ஒரு "லிங்க்" வழியாக கிரிக்கெட் பந்தய "ஆப்" ஒன்றில் அவர் சேர்ந்திருக்கிறார். நடத்துகிறவன் யார் என்று தெரியாது. எந்த நாடு என்றும் தெரியாது. இரண்டு மாதத்தில் 200, 500 என்று மொத்தம் ரூ.7 ஆயிரம் போட்டிருக்கிறார். திரையில் இப்போது ரூ.25 ஆயிரம் நிற்கிறது. பணத்தை எடுக்கும் பொத்தானை அழுத்தினால் பணம் வரவில்லை. ஒரு செய்திதான் வந்தது. "நீங்கள் ஜெயித்தது 18 ஆயிரம். இந்திய அரசு வரி 30 சதவீதம். ரூ.5,400 கட்டுங்கள். 10 நிமிடத்தில் முழுப் பணமும் உங்கள் பாங்கி கணக்குக்கு வந்துவிடும்."

18 ஆயிரத்துக்கு 30 சதவீதம் என்றால் ரூ.5,400. கணக்கு சரி. ஆன்லைன் ஆட்டத்தில் ஜெயித்த பணத்துக்கு வரி 30 சதவீதம் என்பதும் சரி. அதனால்தான் வாலிபர் நம்பிவிட்டார். அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற ஆசாமி சட்டம் தெரிந்த கில்லாடி!

ஆனால் கில்லாடி ஒன்றை மட்டும் தலைகீழாக மாற்றிச் சொல்லிவிட்டான். அந்த வரியை ஆடியவர் முன்கூட்டி கம்பெனிக்கு அனுப்ப வேண்டியதே இல்லை. கம்பெனிதான், கொடுக்கிற பணத்தில் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுக்க வேண்டும்.

இதைச் சொன்னோம். வாலிபர் நம்மை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க பேப்பர்காரர் சார். உங்களுக்கு ஆட்டம் தெரியாது" என்றார்.

ஆட்டம் தெரியாது, வாஸ்தவம்தான். ஆனால் ஆட்டத்தில் போட்ட பணம் எந்த வழியாகப் போகிறது, எங்கே போய் நிற்கிறது என்பதைக் கேட்டு அறியலாம். சட்டங்களைப் புரட்டினால் இன்னும் கொஞ்சம் தெரியும்.

ஜமுக்காளத்துப் பணம்

பழைய கதையில் இருந்து தொடங்குவோம். தமிழ்நாட்டில் சூதாட்டத்துக்கு என்று உள்ள சட்டம் 1930-ம் ஆண்டு வந்தது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். தோப்பிலோ, பூட்டிய வீட்டிலோ சீட்டாடுவார்கள். போலீசார் போய் வளைப்பார்கள். "7 பேர் கைது, சீட்டுக்கட்டும் பணமும் பறிமுதல்" என்று மறுநாள் பேப்பரில் நாலு வரி வரும். போட்டவன் பணமும் போச்சு, ஜெயித்தவன் பணமும் போச்சு. ஆனாலும் பணம் எங்கே இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். போலீஸ் ஸ்டேஷன் மேஜையில்!

கிண்டி குதிரைப் பந்தயத்தில் டிக்கெட் உண்டு. பணம் கொடுக்கும் ஜன்னலும் உண்டு. 1974-ல் தமிழக அரசு குதிரைப் பந்தயத்தைச் சூதாட்டக் கணக்கில் சேர்த்து ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. 1996-ம் ஆண்டு ஜனவரி 12-ந் தேதி தீர்ப்பு வந்தது. "குதிரைப் பந்தயம் திறமையைப் பொறுத்த ஆட்டம், சூதாட்டம் அல்ல" என்று கோர்ட்டு சொல்லிவிட்டது.

லாட்டரிச் சீட்டு 1968-ல் அரசே தொடங்கியது. 2003-ல் அரசே நிறுத்தியது. அதிலும் கையில் ஒரு காகிதம் இருந்தது. நம்பர் விழுந்தால் அந்தக் காகிதத்தை நீட்டலாம்.

இப்போது காகிதமும் இல்லை, ஜன்னலும் இல்லை. திரையில் ஓர் எண் இருக்கிறது, அவ்வளவுதான். அந்த எண்ணுக்குப் பின்னால் நிஜமாகப் பணம் இருக்கிறதா, இல்லையா? சூதாட்டச் சட்டங்கள் வரும்போதெல்லாம் பந்தயக்காரர் தலையில் விழுகிற கேள்வி இதுதான்.

வந்தது, போனது, வந்தது!

தமிழ்நாட்டில் ஆன்லைன் சூதாட்டத் தடை என்பது ஊஞ்சல் ஆடியது போல ஆடியிருக்கிறது.

2020-ம் ஆண்டு நவம்பர் 21-ந் தேதி எடப்பாடி பழனிசாமி அரசு ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டத்துக்குத் தடை. பல ரம்மி கம்பெனிகள் தமிழ்நாட்டு ஆட்களுக்குக் கதவைச் சாத்தின. 2021-ல் அது சட்டசபையிலும் நிறைவேறியது. அதே ஆண்டு ஆகஸ்டு 3-ந் தேதி சென்னை ஐகோர்ட்டு அந்தச் சட்டத்தை ரத்து செய்துவிட்டது. கதவு மறுபடியும் திறந்தது.

அடுத்து மு.க.ஸ்டாலின் அரசு. ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு குழு போட்டார்கள். 2022 அக்டோபரில் அவசரச் சட்டம், அதே மாதம் சட்டசபையில் மசோதா. கவர்னர் ஆர்.என்.ரவி மசோதாவை மாதக்கணக்கில் வைத்திருந்து 2023 மார்ச் மாதம் திருப்பி அனுப்பினார். சட்டசபை மறுபடி நிறைவேற்றி அனுப்பியது. ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது.

அந்தச் சட்டத்தில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டியவை. ஒன்று, சூதாட்டத்துக்குப் போகிற பணத்தை பாங்கிகளும் பணம் மாற்றித் தரும் கம்பெனிகளும் கையாளக் கூடாது. இரண்டாவது, நடத்துகிறவனுக்கு 3 ஆண்டு வரை சிறை என்பதோடு நிற்காமல், ஆடுகிறவருக்கும் 3 மாதம் வரை சிறை அல்லது ரூ.5 ஆயிரம் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று எழுதிவிட்டார்கள். இந்த இரண்டாவது விஷயத்துக்குப் பிறகு வருவோம்.

2023 நவம்பர் 9-ந் தேதி சென்னை ஐகோர்ட்டு மறுபடியும் தீர்ப்பு சொன்னது. "சட்டம் செல்லும். ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டம். அவற்றைத் தடை செய்ய முடியாது" என்றது. ஆகவே ரம்மிக்காரர்கள் ராஜாவாகத் திரும்பி வந்தார்கள்.

தடை இல்லாவிட்டால் கடிவாளமாவது போடலாம் என்று, தமிழ்நாடு ஆன்லைன் விளையாட்டு ஆணையத்தின் விதிகள் 2025 பிப்ரவரியில் வந்தன. 18 வயதுக்குக் கீழே உள்ளவர் ஆடக் கூடாது. ஆதார் அடையாளம் கட்டாயம். நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை ஆட்டம் கிடையாது. ஒரு நாளைக்கு, ஒரு வாரத்துக்கு, ஒரு மாதத்துக்கு எவ்வளவு பணம் போடலாம் என்று ஆடுகிறவரே உச்சவரம்பு வைத்துக் கொள்ள வேண்டும். கம்பெனிகள் வழக்குப் போட்டன. ஜூன் 3-ந் தேதி "விதிகள் செல்லும்" என்று ஐகோர்ட்டு கூறியது.

அதற்குப் பிறகு எண்பதே நாள்! எல்லாமே தலைகீழ்!

ஆகஸ்டு 21 ராத்திரி

2025 ஆகஸ்டு 20-ந் தேதி டெல்லியில் மத்திய அரசு ஒரு மசோதாவைக் கொண்டுவந்தது. அன்றைக்கே லோக்சபையில் நிறைவேறியது. மறுநாள் மேல்-சபை. 22-ந் தேதி ஜனாதிபதி கையெழுத்து. மூன்றே நாளில் வேலை முடிந்தது. ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கவே இதைவிட நாள் ஆகிறது.

திறமை ஆட்டமோ, அதிர்ஷ்ட ஆட்டமோ, பணம் வைத்து ஆடினால் ஆன்லைனில் கூடாது என்றது இந்தச் சட்டம். நடத்தினால் 3 ஆண்டு வரை சிறை, ரூ.1 கோடி வரை அபராதம். பணத்தைக் கடத்திக் கொடுக்கிற பாங்கிக்கும் அதே தண்டனை. விளம்பரம் செய்தால் 2 ஆண்டு, ரூ.50 லட்சம். ஆடுகிறவருக்குத் தண்டனை இல்லை. ஆண்டுதோறும் 45 கோடிப் பேர் சுமார் ரூ.20 ஆயிரம் கோடியை இதில் இழக்கிறார்கள் என்று மத்திய அரசு ஒரு மதிப்பீடும் சொன்னது.

கிரிக்கெட் வீரர்கள் சட்டையில் பெயர் போட்டிருந்த டிரீம்-11 முதல் ரம்மி, போக்கர் கம்பெனிகள் வரை பண ஆட்டத்தை நிறுத்தின. பணம் போடும் வழி உடனே அடைபட்டது. "ஏற்கனவே உள்ள பணத்தை எடுத்துக் கொள்ளலாம்" என்று அறிவித்தார்கள்.

எடுத்துக் கொள்ளலாம் என்றால் என்ன அர்த்தம்? இங்கேதான் வேடிக்கை.

கம்பெனிக் கணக்கில் ஒருவர் பெயரில் ரூ.1,000 இருக்கிறது என்றால் அது ஒரே பணம் அல்ல. அதற்குள் மூன்று அறை. தானே போட்டது ஒரு அறை. ஜெயித்தது ஓர் அறை. கம்பெனி ஆசை காட்டிக் கொடுத்த "போனஸ்" இன்னோர் அறை. போனஸ் ஆடுவதற்குத்தான், எடுப்பதற்கு இல்லை. ஆட்டமே நின்றுபோன பிறகு அந்தப் பணத்துக்கு மதிப்பு ஏது? கல்யாண மண்டபத்தை இடித்த பிறகு கையில் இருக்கிற பந்தி டோக்கன் மாதிரி!

அடுத்தது பெயர்ப் பொருத்தம். யார் பெயரில் கணக்கோ, அவர் பெயரில் உள்ள பாங்கிக் கணக்குக்குத்தான் பணம் போகும். பான் கார்டும் அதே பெயரில் இருக்க வேண்டும்.

வேலப்பன்சாவடி பக்கம் குமாஸ்தாவாக வேலை பார்க்கும் ஒருவர் சிக்கியது இதில்தான். வீட்டுக்குத் தெரியக் கூடாது என்று மச்சான் பெயரில் ரம்மி ஆடியிருக்கிறார். மச்சான் துபாயில். "போடும்போது யார் பேருன்னு ஒருத்தனும் கேக்கலை சார். ஜிபேயில அடிச்சேன், போச்சு. எடுக்கும்போதுதான் பான் கார்டு, ஆதார், பாங்கி பாஸ்புக், முகத்தைக் காட்டு, கண்ணைச் சிமிட்டுன்னு அத்தனை கேள்வி. மச்சான் லீவுல வந்து செல்போன்ல முகத்தைக் காட்டின பிறகுதான் மூவாயிரத்து இருநூறு வந்துச்சு. அதுலயும் பாதி அவனுக்குத்தான் போச்சு."

வீட்டுக்குத் தெரியாமல் இருந்ததா என்று கேட்டோம். "மச்சானுக்குத் தெரிஞ்சா தங்கச்சிக்காரிக்குத் தெரியாமப் போகுமா?" என்றார்.

இவர் நிலைமையாவது பரவாயில்லை. பணம் வைத்திருந்த கம்பெனிக்கு ஊரும் பேரும் உண்டு. ஆபீஸ் உண்டு. வழக்குப் போட்டால் கோர்ட்டுக்கு வர ஆள் உண்டு. அந்தக் கம்பெனிகளே புதிய சட்டத்தை எதிர்த்துப் பல ஐகோர்ட்டுகளில் வழக்குப் போட்டன. 2025 செப்டம்பர் 8-ந் தேதி அவற்றை சுப்ரீம் கோர்ட்டு தன்னிடம் மாற்றிக் கொண்டது. அக்டோபர் 2-ந் தேதி மத்திய அரசு வெளியிட்ட வரைவு விதிகளில், சட்டத்துக்கு முன்னால் வாங்கிய பணத்தை பாங்கி வழியாகத் திருப்பிக் கொடுப்பதற்கும் இடம் வைத்தார்கள். சிறைத் தண்டனையைச் சட்டத்திலேயே எழுதியவர்கள், ஆடியவர் பணத்தைப் பற்றிப் பேச வரைவு விதி வரைக்கும் காத்திருந்தார்கள் என்பது நமக்குக் கொஞ்சம் உறுத்தலாகத்தான் இருக்கிறது.

வரி எங்கே பிடிப்பார்கள்?

இப்போது அந்த 30 சதவீதத்துக்கு வருவோம். இது தெரிந்திருந்தால் வண்டிக்கார வாலிபர் டீக்கடையில் கடன் கேட்டிருக்க மாட்டார்.

2023 ஏப்ரல் 1-ந் தேதி முதல் ஆன்லைன் ஆட்டத்துக்குத் தனி வரி முறை வந்தது. கணக்கு இப்படி: ஒருவர் ஒரு கம்பெனியில் ஆண்டு முழுவதும் ரூ.10 ஆயிரம் போட்டிருக்கிறார் என்று வைத்துக் கொள்வோம். முதலில் ரூ.8 ஆயிரம் எடுக்கிறார். வரி இல்லை. ஏனென்றால் தன் சொந்தப் பணத்தைத்தான் எடுக்கிறார். பிறகு இன்னொரு ரூ.8 ஆயிரம் எடுக்கிறார். இப்போது எடுத்தது 16 ஆயிரம். போட்டது 10 ஆயிரம். லாபம் 6 ஆயிரம். அதில் 30 சதவீதம் ரூ.1,800. கம்பெனி இதைப் பிடித்துக்கொண்டு ரூ.6,200 மட்டும் அனுப்பும். பிடித்த பணம் அவருடைய பான் எண்ணில் வருமான வரி இலாகா கணக்கில் ஏறும்.

எடுக்காமலே வைத்திருந்தாலும் தப்ப முடியாது. மார்ச் 31-ந் தேதி என்ன லாபம் நிற்கிறதோ அதற்கும் வரி பிடிப்பார்கள்.

இதில் ஓர் அநியாயமும் இருக்கிறது. ஒரு கம்பெனியில் ரூ.20 ஆயிரம் தோற்றவர், இன்னொரு கம்பெனியில் 6 ஆயிரம் ஜெயித்தால் அந்த 6 ஆயிரத்துக்கு வரி உண்டு. தோற்ற 20 ஆயிரத்தைக் கழிக்க முடியாது. மொத்தத்தில் 14 ஆயிரம் நஷ்டப்பட்ட ஆள் ரூ.1,800 வரியும் கட்டுகிறார்!

போடும்போதே இன்னொரு வெட்டும் இருந்தது. 2023 அக்டோபர் 1-ந் தேதி முதல், போடுகிற முழுத் தொகைக்கும் 28 சதவீத ஜி.எஸ்.டி. அதாவது ரூ.1,000 போட்டால் வரி ரூ.218.75. ஆட்டத்துக்கு மிச்சம் ரூ.781.25. சீட்டைக் கையில் எடுப்பதற்கு முன்பே ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் காலி! பந்தயக்காரர்கள் இதை அவ்வளவாக உணரவில்லை. காரணம், போன 218 ரூபாயைக் கம்பெனிகள் "போனஸ்" என்று திருப்பி எழுதிக் காட்டின. எடுக்க முடியாத அதே போனஸ்தான்.

எப்படிப் பார்த்தாலும், எந்த முறையிலும், "வரியை எங்களுக்கு அனுப்பு; பிறகு பணம் தருகிறோம்" என்று ஒரு வழி கிடையாது. தருகிற பணத்தில் பிடிப்பதுதான் முறை. அனுப்பு என்றால் அது வரி அல்ல. வசூல்.

"பழக்கடை"க்குப் போன பந்தயம்

வாலிபரின் செல்போனை வாங்கி, பணம் போன விவரத்தைப் பார்த்தோம். ஏழு ஆயிரமும் பதினாறு தடவையாகப் போயிருக்கிறது. ஒரு தடவை ஏதோ "டிரேடர்ஸ்". ஒரு தடவை ஒரு பழக்கடை. நாலைந்து தடவை தனி ஆள் பெயர். அவற்றில் பந்தயக் கம்பெனியின் பெயர் ஒன்றுகூட இல்லை.

"கிரிக்கெட் பந்தயம் கட்டினா பழக்கடைக்கு எதுக்குப் பணம் போகுது?" என்று டீக்கடைக்காரர் கேட்டார். நல்ல கேள்வி.

பதில் இதுதான். ஒழுங்காக நடக்கும் கம்பெனி பணம் வாங்கினால், இது இன்ன வியாபாரம் என்று பாங்கிக்குத் தெரியும்படி ஒரு குறியீட்டு எண் இருக்கும். தடை வந்தால் அந்த எண்ணுக்குப் போகும் பணத்தை பாங்கி நிறுத்திவிடலாம். ஆகவே தடைக்குப் பயந்து கம்பெனிகள் நின்றன. ஆனால் வெளிநாட்டில் இருந்து நடத்தும் பேர்வழிகள் அந்த வழிக்கே வருவதில்லை. இங்கே யாராவது ஏழை எளியவர், காலேஜ் பையன், வேலையில்லாதவர் பெயரில் உள்ள பாங்கிக் கணக்கை வாடகைக்குப் பிடிக்கிறார்கள். பாஸ்புக், ஏ.டி.எம். கார்டு, சிம் கார்டு எல்லாவற்றையும் வாங்கிக் கொள்கிறார்கள். மாதம் சில ஆயிரம் கமிஷன். அந்தக் கணக்கில் பணம் விழும். விழுந்த கையோடு அடுத்த கணக்குக்கு, அங்கிருந்து அடுத்ததுக்கு என்று தாவிக் கொண்டே போகும்.

2025 மார்ச் மாதம் ஜி.எஸ்.டி. உளவுப் பிரிவு வெளியிட்ட அறிவிப்பில் இந்தக் குட்டு வெளிப்பட்டது. வெளிநாட்டுப் பேர்வழிகளின் 357 இணையதளங்களை முடக்கினார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பாங்கிக் கணக்குகளை மடக்கினார்கள். அதில் 392 கணக்குகளில் மட்டும் ரூ.122 கோடி!

அந்த 122 கோடியில் பந்தயம் கட்டியவர்கள் போட்ட பணமும் கலந்திருக்குமே, அதை யார் திருப்பிக் கேட்பது?

1872-ம் ஆண்டுச் சட்டம்

கேட்கவே முடியாது என்கிறது ஒரு பழைய சட்டம். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872. அதன் 30-வது பிரிவு, பந்தய ஒப்பந்தம் செல்லாது என்கிறது. பந்தயத்தில் ஜெயித்ததாகச் சொல்லும் பணத்துக்காக வழக்குப் போட முடியாது. பந்தயம் முடியும் வரை வைத்திரு என்று மூன்றாம் ஆளிடம் கொடுத்து வைத்த பணத்துக்காகவும் போட முடியாது. குதிரைப் பந்தயப் பரிசுக்கு மட்டும் ஒரு சின்ன விலக்கு உண்டு.

1959-ல் சுப்ரீம் கோர்ட்டு இதை இன்னும் விளக்கியது. பந்தய ஒப்பந்தம் செல்லாது. ஆனால் பந்தயத்தைத் தொட்டு நடந்த வேறு ஒப்பந்தங்கள், அதற்குத் தனித் தடை இல்லாவிட்டால், அதனாலேயே கெட்டுப் போவதில்லை என்றது. கடைக்காரர்கள் காதில் போட்டுக்கொள்ள வேண்டிய செய்தி இது. பந்தயத்தில் ஜெயித்ததைக் கோர்ட்டில் வாங்க முடியாது. ஆனால் அடகுக் கடையிலும் செல்போன் கடன் ஆப்பிலும் வாங்கிய கடன், "சூதாட வாங்கினேன்" என்று சொன்னதாலேயே ஓடிவிடாது.

போலீசுக்குப் போகலாமே என்றால், அங்கேதான் நாம் பிறகு வருவதாகச் சொன்ன விஷயம் குறுக்கே நிற்கிறது. மாநிலச் சட்டம் ஆடுகிறவரையும் குற்றவாளி என்றது. மத்தியச் சட்டம் ஆடுகிறவரை விட்டுவிட்டது. டெலிகிராமில் பந்தயம் கட்டிய ஆளுக்கு இந்த நுணுக்கம் தெரியுமா? "புகார் கொடுத்தா முதல்ல என்னையே உள்ள வெச்சுட்டா?" என்கிறார் வண்டிக்கார வாலிபர். ஆடுகிறவரைத் தண்டிக்கும் சட்டம் ஆட்டத்தைக் குறைத்ததோ இல்லையோ, புகாரைக் குறைத்திருக்கும் என்பதே நமது கருத்து. மோசடிப் பேர்வழிக்கு அதைவிட வேறு பாதுகாப்பு தேவையில்லை.

பணம் வந்தாலும் வம்பு!

சில பேருக்கு நிஜமாகவே பணம் வந்துவிடுகிறது. முதல் தடவை ரூ.500, ரூ.1,000 எடுக்க விடுவார்கள். தூண்டிலில் மாட்டுகிற புழு அது. ஆனால் அந்தப் புழுவிலும் ஆபத்து இருக்கிறது.

வாடகைக் கணக்கு ஒன்றில் இருந்து உங்கள் கணக்குக்கு ரூ.2 ஆயிரம் வருகிறது. அதே வாடகைக் கணக்கில், வேறு ஏதோ ஊரில் ஏமாந்த ஒருவருடைய பணமும் விழுந்திருக்கிறது. அவர் அங்கே புகார் கொடுக்கிறார். அந்த ஊர் போலீசார் பணம் போன வழியைப் பிடித்துக் கொண்டே வருகிறார்கள். உங்கள் கணக்கும் அந்தச் சங்கிலியில் ஒரு வளையம். பாங்கி முடக்கிவிடும். சம்பளம் வந்து விழுகிற கணக்காக இருந்தால் சம்பளமும் சேர்ந்து நிற்கும். கடைக்காரராக இருந்தால் சரக்குக்குக் கொடுக்க வேண்டிய பணம் நிற்கும். இரண்டாயிரம் ரூபாய்க்காக மொத்தக் கணக்கும் பூட்டு!

மொத்தக் கணக்கையும் முடக்கக் கூடாது, சந்தேகத்துக்கு உரிய தொகையை மட்டும் நிறுத்தி வைக்கலாம் என்று சென்னை ஐகோர்ட்டு 2024-ல் ஒரு வழக்கில் கூறியிருக்கிறது. கணக்கு முடங்கியவர் பாங்கியில் எழுதிக் கொடுத்து, எந்த ஊர் போலீஸ், எந்தப் புகார் எண், எவ்வளவு தொகை என்று கேட்டு வாங்க வேண்டும். அந்த மூன்றும் இல்லாமல் அலைந்தால் செருப்புதான் தேயும்.

கணக்கை வாடகைக்கு விட்டவர் கதி இன்னும் மோசம். போலீசார் முதலில் தேடி வருவது அவர் வீட்டுக்குத்தான். ஏனென்றால் மொத்தக் கூட்டத்திலும் நிஜப் பெயரும் நிஜ விலாசமும் கொடுத்திருப்பவர் அவர் ஒருவர்தான்.

இரவு 8 மணி கெடு

மறுபடி டீக்கடைக்கு வருவோம்.

வாலிபரிடம் ஒன்று சொன்னோம். "தம்பி, நீங்க என்னை நம்ப வேண்டாம். அவனையே கேட்டுப் பாருங்க. 'என் கணக்கில்தான் 25 ஆயிரம் இருக்கிறதே, அதில் 5,400-ஐப் பிடித்துக்கொண்டு மீதி 19,600-ஐ அனுப்பு' என்று எழுதுங்க."

கடைக்காரரும், "கேளுடா, கேட்டா என்ன, கேக்குறதுக்கு வரி இல்லையே" என்றார்.

வாலிபர் எழுதினார். இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது. இருப்பில் இருந்து பிடிக்க விதியில் இடம் இல்லையாம். இன்று இரவு 8 மணிக்குள் ரூ.5,400 வராவிட்டால் கணக்கு முடக்கப்படுமாம். இப்போதே கட்டினால் ரூ.1,000 தள்ளுபடியாம்.

"அரசாங்க வரியில தள்ளுபடியா?" என்றார் பெஞ்சில் இருந்த பெரியவர் ஒருவர்.

வாலிபர் செல்போனை மடியில் கவிழ்த்து வைத்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "போட்ட ஏழாயிரம்?" என்று கேட்டார்.

திரையில் உள்ள 25 ஆயிரம் வெறும் எண். ஆனால் அவர் போட்ட ரூ.7 ஆயிரம் நிஜப் பணம். கடைசியாக அனுப்பியது முந்தின நாள், ரூ.500. சைபர் மோசடிப் புகாருக்கு நாடு முழுவதும் ஒரே நம்பர் 1930. வேடிக்கையைப் பாருங்கள், தமிழ்நாட்டுச் சூதாட்டச் சட்டம் வந்த வருஷமும் அதே 1930! பணம் போன உடனே கூப்பிட்டால், அது அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் நிறுத்த வழி உண்டு. நாள் ஆக ஆக அந்த வழி குறுகும். இரண்டு மாதத்துக்கு முன்பு போன பணம் பெரும்பாலும் நாலைந்து கணக்கு தாண்டியிருக்கும். நேரில் போக வேண்டும் என்றால், இந்தப் பகுதி ஆவடி போலீஸ் கமிஷனர் எல்லை. பணம் அனுப்பிய விவரம், எதிராளி யு.பி.ஐ. பெயர், வந்த செய்திகள் எல்லாவற்றையும் அழிக்காமல் படம் எடுத்து வைத்துக்கொண்டு போக வேண்டும். "வரி கட்டு" என்ற செய்திதான் அதில் முக்கியம். பந்தயத்தில் தோற்றேன் என்று போவது வேறு. பொய் சொல்லிப் பணம் பறிக்கப் பார்த்தான் என்று போவது வேறு.

வாலிபர் 1930-ஐ அழுத்தினார். லைன் கிடைக்கவில்லை. மறுபடி அழுத்தினார்.

"லைன் கிடைக்கிற வரைக்கும் உக்காரு" என்று கடைக்காரர் இன்னொரு டீ போட்டார். "இது கடன்தான். வரி எல்லாம் பிடிக்க மாட்டேன்."